இலுப்பை மரத்து சுஐப் பாய்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் சுஐப் பாயைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அவரிடம் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும், அதிலும் இரண்டு மிச்சமாகும். தம்பி அப்சலின் ஜவுளிக்கடையில் கடைசி மூலையில் ஒரு ஸ்டூல் அவருக்கு. வாடிக்கையாளர் கேட்ட துணியை எடுத்துக் கொடுப்பார், மடித்து வைப்பார். பொழுது சாய்ந்ததும் தங்கை மெகருன்னிசா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, தன் வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போவார். மனைவி ருக்ஷானா கல்யாணமான மூன்றாம் வருடமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை. இன்னொரு கல்யாணத்துக்கு மெகருன்னிசா பதினைந்து வருடம் மன்றாடிப் பார்த்து, பிறகு அவளுக்கே அலுத்துப் போனது.

அவர் ஊமை கிடையாது. மே மாதத்தில் பார்த்திருக்க வேண்டும் அவரை.

சின்ன வயதில் அவர் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கல்வராயன் மலைக் கிராமங்களுக்கெல்லாம் நடந்தே போய் வியாபாரம் பார்த்தவர். மலைக்காரர்களோடு நடந்து நடந்து, எந்த மரத்தில் எந்தப் பறவை, எந்தத் தடத்தில் எந்த மிருகம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. மலைக்கு பஸ் விட்டதும் தலைமூட்டை வியாபாரம் படுத்தது. தெரிந்த விஷயங்கள் மட்டும் யாருக்கும் பயன்படாமல் உள்ளே கிடந்தன. கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த காட்டுப் பூங்காவில் பாரஸ்டராக வந்த தனசேகரன், ஒரு நாள் இந்த மனிதர் யாரோ ஒரு வாத்தியாருக்குக் கரடிக் காலடியைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் காட்டைச் சுற்றிக் காட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தவர் அவர். அங்கேயே பிடித்துப் போட்டுக்கொண்டார்.

எண்பத்து நாலிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் சுஐப் பாய் கடைக்கு லீவு. விடியற்காலை முதல் பஸ்ஸில் போய் பூங்கா வாசலில் நிற்பார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் பிள்ளைகள் வருவார்கள், முப்பது பேர், நாற்பது பேர். ஓடை வரைக்கும் நடை. முள்ளம்பன்றி போட்ட முள், பாம்பு உரித்த சட்டை, கரையான் புற்றின் உள்ளறை என்று வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வருவார். பதினோரு மாதம் சேர்த்து வைத்த பேச்சு. பிள்ளைகளும் விடமாட்டார்கள்.

"பாய், எறும்பு தூங்குமா?"

"தூங்குண்டா. ஒன்ன மாதிரி எட்டு மணி வரிக்கும் தூங்காது."

இதற்கெல்லாம் மகுடம் கடைசியில்தான். பூங்கா வாசலுக்கு எதிரே, தார் ரோட்டு ஓரத்தில் ஒரு பழைய இலுப்பை மரம். இரண்டு ஆள் சேர்ந்து கட்டினாலும் கை எட்டாது. இருபதடி உயரத்தில் ஒரு பொந்து. வருடா வருடம் அதில் ஒரு ஜோடி இருவாச்சி குடித்தனம் நடத்தும். பெட்டை உள்ளே போய் உட்கார்ந்து, எச்சத்தையும் மண்ணையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று மட்டும் பாக்கி. சேவல் காடெல்லாம் அலைந்து அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்டும். குஞ்சு வளரும்வரை இரண்டு மாதத்துக்கு மேல் இதே வேலைதான். சேவல் ஒரு நாள் செத்துப்போனால் உள்ளே இருப்பதும் செத்தது.

சத்தம் போட்டால் சேவல் கிட்டே வராது. நாற்பது பிள்ளைகளை இருபது நிமிடம் பேசாமல் உட்கார வைக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். தன் வாயைத் தானே பொத்தினால் எந்தப் பிள்ளையும் ஏமாற்றிவிடும். ஆகவே வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பொத்த வேண்டும். வரிசையின் கடைசியில் பாய் உட்காருவார். எண்பத்தேழில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது தேவதர்ஷினி என்கிற ஆறு வயதுப் பெண். நெல்லிக்காய் நாற்றமடிக்கும் சின்னக் கையால் அவர் தாடியோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சேவல் வந்து, ஊட்டிவிட்டு, போன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. பாயும் எடுக்கச் சொல்லவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பெருமை. இவருக்கு வருடத்தில் இந்த ஒரு மாதம்தான் இருந்தது.

அந்த வருடம் செப்டம்பரில், இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் வந்தது.

கோரிக்கையில் தப்பு சொல்ல ஏதுமில்லை. கரும்பு வெட்டியும் நெல் அறுத்தும் வளர்த்த பிள்ளைகள் படித்துவிட்டு வேலையில்லாமல் நிற்கிறார்கள் என்று கேட்டார்கள். பாய்க்கும் அது நியாயம் என்றே பட்டது. ஆனால் பஸ் போகாமல் தடுக்க, ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் புளியமரங்கள் விழுகின்றன என்றது முதல் நாள் சேதி. மூன்றாம் நாள், கச்சிராயபாளையம் ரோட்டில் வேலை நடக்கிறது, நாளைக்கு மலையடிவாரம் போய்விடுவார்கள் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார்.

பாய் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. யாரிடம் போய் அந்த ஒரு மரத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்பது? சனங்கள் தங்கள் பிள்ளைகளின் வாழ்க்கைக்காக ரோட்டில் நிற்கும்போது, ஒரு பறவைக்காகப் பேசினால் அடிக்க மாட்டார்கள், சிரிப்பார்கள்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. முப்பது வருடமாக ஆடி மாதம் தோறும் மஞ்சள் துணி கிழித்துக் கொடுத்த கை அது. அந்தத் துணி எந்த மரத்தில் ஏறினாலும் அதற்குப் பிறகு அந்த மரத்தின் கிளையை ஆடு மேய்ப்பவன்கூட ஒடிக்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியாதா?

மறுநாள் காலை கடையில் ஐந்து கஜம் மஞ்சள் துணி கிழித்தார். நாட்டு மருந்துக் கடையில் மஞ்சள் தூளும் குங்குமமும் வாங்கினார்.

"இன்னா பாய், குங்குமம் ஒங்களுக்கு எதுக்கு?" என்றான் கடைக்காரன்.

"வெள்ளத் துணி ஒண்ணு வீணா கெடக்குது. சாயம் போட்டுப் பாக்கலாம்னு" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது மடல் சிவந்துவிட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரோட்டில் ஈ காக்கை இல்லை. வழியில் ஏழு மரங்கள் குறுக்கே கிடந்தன. ஒவ்வொன்றிலும் சைக்கிளைத் தோளில் தூக்கி, கிளைகளுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் இறக்கினார். ஐம்பது வயது உடம்பு. ஐந்தாவது மரத்தில் முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. இலுப்பை மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது நடுப்பகல். மரம் நின்றுகொண்டிருந்தது. பூங்கா வாசல் பூட்டியிருந்தது.

துணியை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போடப் போகும்போது, எந்த வேலைக்கும் முன்னால் சொல்கிற பழக்கத்தில், "பிஸ்மில்லா" என்று வாயில் வந்துவிட்டது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். இதைச் சொல்லிச் செய்கிற வேலையா இது? சொல்லாமல் செய்தால் மட்டும் சரியாகிவிடுமா? நின்று யோசித்தால் கை ஓடாது என்று, மஞ்சளைக் குழைத்து அடிமரத்தில் பூசி, கட்டைவிரலால் மூன்று பெரிய பொட்டு வைத்தார். ஓடைக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மஞ்சள் முழுதாகப் போகவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டம் வந்தது. பதினைந்து இருபது பேர், கோடாலியும் ரம்பமுமாக. முன்னால் வந்தவன் அரங்கநாதன், பக்கத்து ஊர்ப் பையன், பி.ஏ. முடித்துவிட்டுக் கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன். மரத்தைப் பார்த்ததும் கையைத் தூக்கினான்.

"டேய், நில்லுங்கடா. அம்மா இருக்கா."

ஒருவன், "போன வாரம் இல்லியே" என்றான்.

"இல்லன்னா இன்னா, இப்ப இருக்குதில்ல?" என்று அரங்கநாதன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். மற்றவர்களும் கும்பிட்டார்கள். பிறகு நாற்பதடி தள்ளி நின்ற புளியமரத்துக்குப் போனார்கள். பூங்கா சுவர் ஓரம் உட்கார்ந்திருந்த பாயை அப்போதுதான் அவன் பார்த்தான்.

"பாய், இங்க இன்னா பண்றீங்க? ரோடு சரியில்ல, வூட்டுக்குப் போய்டுங்க."

புளியமரம் விழ ஒன்றரை மணி நேரம் ஆனது. பாய் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். ஒன்றைக் காப்பாற்றி இன்னொன்றைக் கொடுத்தோம் என்கிற நினைப்பில், வந்த சந்தோஷம் பாதியாகிவிட்டது. ஆனாலும் திரும்பிப் போகும்போது, மே மாதம் பிழைத்தது என்று அவர் மனசு சொல்லிக்கொண்டே வந்தது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தங்கையிடம் சொன்னால் அழுதே ஊரைக் கூட்டிவிடுவாள். பள்ளிவாசலில் தெரிந்தால் தலை குனிய வேண்டும். கும்பிட்டவர்களுக்குத் தெரிந்தாலோ, அந்தச் சூட்டில் அது என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை தொழுகையில் மன்னிப்புக் கேட்டார். மரத்தைக் காப்பாற்றியதற்கும் சேர்த்தா கேட்கிறோம் என்ற குழப்பம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

மழை வந்தால் பொட்டு கரைந்துவிடும், தை மாதத்துக்குள் துணி கிழிந்துவிடும், எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு. துணி வியாபாரிக்குத் துணியின் ஆயுசு தெரியும். சனங்கள் அதற்குமேல் புதுத்துணி கட்டுவார்கள் என்பது மட்டும் தோன்றாமல் போனது.

அடுத்த மே மாதம் முதல் பஸ்ஸில் போய் இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். இலுப்பை மரத்தைச் சுற்றிச் செங்கல் மேடை. சூலம் நட்டு, எலுமிச்சம்பழம் குத்தி, கிளையெல்லாம் மஞ்சள் துணி. பொந்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு குழாய் ஸ்பீக்கர். 'இலுப்பையம்மா துணை' என்று ஒரு தகர போர்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடு வெட்டிப் பொங்கல் வைக்க மாட்டுவண்டியில் வருகிறார்களாம்.

"மாசியில ஜோடி வந்துச்சி பாய்" என்றார் தனசேகரன். "ரெண்டு நாள் சுத்திச் சுத்திப் பாத்துது. கற்பூரப் பொகை, பாட்டு. போய்டுச்சி."

அந்த வருடம் இரண்டு பள்ளிக்கூடம்தான் வந்தது. பிள்ளைகளை ரோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்து, அதோ அந்தப் பொந்தில்தான் இருந்தது என்று காட்டினார். வாயைப் பொத்த வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. ஒரு பையன், "இப்ப எங்க பாய் போச்சி?" என்று கேட்டதற்கு, "தெரியலப்பா" என்றார். அவர் வாயிலிருந்து பிள்ளைகள் அந்த வார்த்தையைக் கேட்டதே கிடையாது.

மே கடைசியில் தனசேகரன் அவரை உட்கார வைத்துப் பேசினார்.

"மேலருந்து எழுதிக் கேட்டுட்டாங்க பாய். பறவை இல்ல, பசங்க வர்றது கம்மி, எதுக்கு இதுன்னு. நான் ஒண்ணு யோசிச்சேன். இது பழைய கோயில் இல்ல, போன வருசம் மறியலப்ப வந்தது. மொதல்ல துணி கட்னது யாருன்னு தெரிஞ்சி, அந்த ஆளு ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா, ஊர்க்காரங்ககிட்ட நயமா பேசி, ரோட்டுத் திருப்பத்துல இருக்கற வேப்பமரத்துக்கு மாத்திடலாம். அடுத்த மாசிக்கு ஜோடி திரும்பி வரும். நடையும் நிக்காது. யாருன்னு ஒங்க காதுல ஏதாவது விழுந்துச்சா?"

பாய் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் மே மாதம் திரும்பி வரும். வருகிற அவமானம் வரட்டும் என்று அந்த நிமிடமே துணிந்துவிட்டார். ஆனால் கும்பிடுகிறவர்களிடம் முதலில் சொல்லாமல் காகிதத்தில் எழுதிக் கொடுப்பது அவருக்கு முறையாகப் படவில்லை.

"கேட்டுட்டு வரேன் சார்" என்று ரோட்டைத் தாண்டிப் போனார்.

மேடையைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள் ஒரு அம்மாள். அறுபதை ஒட்டிய வயது, களையெடுத்துக் காய்த்த கை. பாய் தள்ளியே நின்றார்.

"ஏன் பாய் அங்கியே நிக்கிறீங்க? கிட்ட வாங்க. இவ யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டா."

அவள் பெயர் செல்லியம்மாள் என்றும், அரங்கநாதனின் தாய் என்றும் பேச்சில் தெரிந்தது. கேட்காமலேயே சொன்னாள்.

"மறியல் முடிஞ்ச மறாநாளு எம் புள்ளயப் புடிச்சிக்கினு போய்ட்டாங்க பாய். எந்த ஜெயில்னு கூடத் தெரியல. அவங்கப்பாவும் இல்ல, எனக்கு நாதி யாரு? ரோட்டு மேல அம்மா வந்து குந்திகினு இருக்கா, கோடாலி எடுத்தவன் கையி அப்பிடியே வெலவெலத்துப் போச்சின்னாங்க. ஓடியாந்தேன். தெனம் வேல முடிச்சிட்டு வந்து இங்கதான் குந்துவேன். நாப்பது நாளு. நாப்பத்தியோராம் நாளு எம் புள்ள வூட்டு வாசல்ல நிக்கிறான்."

யார் கையும் வெலவெலக்கவில்லை என்பது பாய்க்குத் தெரியும். மெதுவாகக் கேட்டார்.

"மொதல்ல துணி கட்னது யாரும்மா?"

"யாரு கட்டுவா? ரோடு பூரா மரம் சாஞ்சி கெடக்குது. மனுசன் வர முடியுமா? அவளே கட்டிக்கினா."

"ஒருவேள... யாராவது ஒரு ஆளு, மரம் போயிடக் கூடாதேன்னு வந்து கட்டியிருந்தா?"

செல்லியம்மாள் மெழுகுவதை நிறுத்தினாள். கோபப்படவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"அப்பிடி இருக்காது பாய். நாப்பது நாளும் நான் இங்க குந்திகினு பேசியிருக்கேன். பெத்த தாய்கிட்ட சொல்லாததெல்லாம் சொல்லியிருக்கேன். கேட்டுக்கினு இருந்தா. அது எனக்குத் தெரியும். ஆளு கட்னதுன்னா, நான் அத்தினி நாளும் யார்கிட்ட பேசினேன்?"

பாய் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. பேச ஆளில்லாமல் ஒரு மனுஷி நாற்பது நாள் எப்படிக் கழித்திருப்பாள் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு வீட்டின் பூட்டை அவர் இருபது வருடமாகத் திறந்து மூடுகிறவர். சொல்லிவிட்டால், இவள் பேசியதெல்லாம் வெறும் மரத்திடம் பேசியதாகிவிடும். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"ஒங்களுக்கு வூட்ல யாரு பாய் இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா."

"புள்ள குட்டி?"

"இல்ல."

அவள் சாணிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மரத்தின் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலச் சத்தமாகவே சொன்னாள்.

"தாயே, இந்த பாய்க்கு யாருமே இல்லியாம். பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளக் காட்டு."

சுஐப் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடத்தில் அவருக்காக ஒருத்தர் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டதும் அவர் கட்டிய துணியிடம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

வாசலில் தனசேகரன் காகிதத்தோடு காத்திருந்தார்.

"தெரிஞ்சிதா பாய்?"

"யாரும் கட்டலியாம் சார். அவளே கட்டிக்கினாளாம்."

தனசேகரன் பெருமூச்சு விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார். பூங்காவின் மே மாத நடை இந்த வருடத்தோடு நிறுத்தப்படுகிறது என்ற வரிக்கு வந்ததும், ஏதாவது சொல்வாரா என்று நிமிர்ந்து பார்த்தார். பாய் பஸ்ஸுக்கு நடக்க ஆரம்பித்திருந்தார்.